எக்ஸ்ரேயில் தெரியாத தோள் முறிவைக் கண்டுபிடிப்பது எப்படி: மலையகத்தாருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் இலங்கை மலையகத்தின் ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கத்தில் வழுக்கி விழாதவர் குறைவு. தேயிலை மலையில் கான் (வடிகால்) ஓரம் கால் சறுக்கும். லயத்துப் படியில் பாசி ஏறியிருக்கும். விழுகிறவர் கையை ஊன்றுவார், இல்லையென்றால் தோள்பட்டை நேராகத் தரையில் மோதும். வைத்தியசாலையில் ஒரு எக்ஸ்ரே எடுத்து, “எலும்பு உடையல்ல, சதையிலதான் அடி” என்று வலி மாத்திரை கொடுத்து அனுப்புவார்கள். பெரும்பாலானோருக்கு அது உண்மையாகவே இருக்கும். சில நாட்களில் வலி தணிந்து கை பழையபடி மேலே போய்விடும்.

இந்த வழிகாட்டி மீதிப் பேருக்கு. பத்து நாள் கழிந்தும் தலை சீவக் கையை உயர்த்த முடியாதவர்கள், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீட்டார், தோட்டத்து மருந்து நிலையங்களில் முதலில் அவர்களைச் சந்திப்பவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். படத்தில் முறிவு தெரியாவிட்டால் முறிவே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கையைத் தூக்க முடியாத தோளுக்கு ஒரு காரணம் கிடைக்கும்வரை தேட வேண்டும். தேடுவதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. அதில் பெரும்பகுதிக்குப் பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை.

எந்த முறிவுகள் ஒளிந்துகொள்கின்றன

தோளில் மூன்று எலும்புகள் சந்திக்கின்றன. முன்னால் காறை எலும்பு, பின்னால் தோள்பட்டை எலும்பு, கீழே மேல்கை எலும்பு. மேல்கை எலும்பின் உருண்டைத் தலை, தோள்பட்டை எலும்பின் ஆழமில்லாத குழியில் ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. குழி ஆழமில்லாததால் கை எல்லாப் பக்கமும் சுழல்கிறது. எளிதாகக் கழன்றுவிடுவதும் அதனால்தான்.

அதிகம் தவறவிடப்படுவது பெரும்புடைப்பில் விழும் விரிசல். பெரும்புடைப்பு என்பது மேல்கை எலும்பின் தலைக்கு வெளிப்பக்கமாகத் துருத்திக்கொண்டிருக்கும் பகுதி. கையைத் தூக்கவும் வெளியே திருப்பவும் உதவும் தசைநார்கள் அங்கேதான் வந்து பிடித்திருக்கின்றன. அங்கே விரிசல் விழுந்தும் எலும்புத் துண்டு இடம் மாறாமல் இருந்தால் சாதாரணப் படத்தில் கோடு தெரியாமல் போகலாம். தசைநார் கிழிந்தவருக்கும் இதே இடத்தில் வலி, இதே இயலாமை. அதனால் ‘நரம்பு இழுத்துக்கொண்டது’, ‘சதை பிரண்டுவிட்டது’ என்ற பெயரில் மாதக்கணக்கில் எண்ணெய் தேய்க்கப்படும் தோள்களில் இந்த விரிசலும் இருக்கும்.

இரண்டாவது, மூட்டு கழன்று திரும்ப உள்ளே போனவர்களுக்கு வரும் முறிவு. தோள் முன்பக்கமாகக் கழலும்போது உருண்டைத் தலையின் பின்பக்கம் குழியின் விளிம்பில் மோதுகிறது. தலையில் விழும் பள்ளத்தை ஹில் சாக்ஸ் பள்ளம் என்பார்கள். குழியின் முன்விளிம்பிலிருந்து ஒரு சில்லு தெறித்தால் அது பேங்கார்ட் முறிவு. சில்லு சின்னதாக இருந்தால் நேர்ப்படத்தில் மறைந்துவிடும். ஆனால் அதைப் பார்க்காமல் விட்ட இளைஞருக்கு, கரப்பந்து அடிக்கக் கை வீசும்போதெல்லாம் தோள் கழன்று கழன்று போகும்.

மூன்றாவதைப் பற்றி எனக்குக் கூடுதல் கவலை. தோள் பின்பக்கமாகக் கழல்வது அபூர்வம். தோள் மூட்டு கழலும் ‘விலகல்கள்’ எல்லாவற்றிலும் அது நூற்றுக்கு ஐந்துக்குள்தான் வரும். ஆனால் அதில் பாதியளவு முதல் தடவை பார்க்கும்போது தவறிவிடுகிறது என்று எலும்பு மருத்துவ நூல்கள் திரும்பத் திரும்ப எச்சரிக்கின்றன. நேராக எடுத்த படத்தில் எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் இருப்பது போலவே தோன்றும் என்பதுதான் காரணம். இதோடு உருண்டைத் தலையின் முன்பக்கத்தில் ஒரு நசுக்கல் முறிவும் பல வேளை சேர்ந்து வரும்.

இவை தவிரக் காறை எலும்பின் வெளிநுனி, தோள்பட்டை எலும்பின் அலகு போன்ற முன்முனை, அதன் கூரைப் பகுதி ஆகியவற்றிலும் முறிவு ஒளியலாம். தோள்பட்டை எலும்பின் அகன்ற உடல் பகுதி உடைய பலத்த அடி வேண்டும். அது உடைந்திருந்தால் விலா எலும்பையும் நுரையீரலையும் கட்டாயம் பார்க்க வேண்டும்.

விழுந்த அன்று

கையை இழுக்காதீர்கள், சுழற்றிப் பார்க்காதீர்கள், தேய்க்காதீர்கள். முழங்கையை மடக்கி, ஒரு துண்டையோ பழைய சேலையையோ முக்கோணமாக மடித்துக் கழுத்தில் கட்டி, கையை நெஞ்சோடு தொங்க விடுங்கள். மோதிரம், வளையல்களை உடனே கழற்றுங்கள். வீக்கம் விரலுக்கு இறங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும். துணியில் சுற்றிய குளிர்ந்த ஒத்தடம் 15 அல்லது 20 நிமிடம் வைக்கலாம்.

கை மரத்துப்போனாலோ, விரல்கள் குளிர்ந்து வெளிறினாலோ, தோளின் வடிவமே மாறியிருந்தாலோ, மூச்சு விடச் சிரமமாக இருந்தாலோ, தலையிலும் அடிபட்டிருந்தாலோ 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். தோட்டத்துக் குறுக்குப் பாதையில் வருவதற்கு அடையாளம் கேட்பார்கள். தோட்டத்தின் பெயரோடு டிவிஷன், அருகிலுள்ள கோயில், தொழிற்சாலை எதுவென்று சேர்த்துச் சொல்லுங்கள்.

முறிவு நெரிவு வைத்தியரிடம் முதலில் போவது நம் பக்கத்தில் ஊறிய பழக்கம். நம்பிக்கையோடு போகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் படம் எடுத்துப் பார்க்காத தோளை இழுத்துவிட யாரிடமும் கொடுக்காதீர்கள். இடம் மாறாமல் இருக்கும் விரிசல் அந்த ஒரு இழுப்பில் விலகிவிடக்கூடும். தோளைச் சுற்றிப் போகும் நரம்பும் அடிபடலாம். மூலிகைப் பற்று போட்டிருந்தாலோ, மட்டை வைத்துக் கட்டியிருந்தாலோ வைத்தியசாலையில் மறைக்காமல் சொல்லுங்கள். கட்டைப் பிரித்துத் துடைத்துவிட்டுத்தான் படம் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அதன் நிழலும் படத்தில் விழும்.

எப்படி விழுந்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள்

எக்ஸ்ரே எழுதிக்கொடுப்பதற்கு முன் வைத்தியருக்குக் கிடைக்கும் மிக மதிப்பான தகவல் உங்கள் வாயிலிருந்துதான் வருகிறது. “விழுந்துட்டேன் டொக்டர்” என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். கையை நீட்டி ஊன்றினீர்களா, தோள் நேராக மோதியதா, கை பின்னால் முறுக்கிக்கொண்டதா, ‘டக்’கென்று கழன்று மறுபடி உள்ளே போன மாதிரி இருந்ததா என்று சொல்லுங்கள். ஒவ்வொரு பதிலும் ஒவ்வொரு முறிவின் பக்கம் கை காட்டும்.

வலிப்பு வந்து விழுந்தவர், மின்சாரம் தாக்கியவர் என்றால் அதை முதல் வாக்கியமாகவே சொல்லுங்கள். வலிப்பிலும் மின்னதிர்ச்சியிலும் தோளைச் சுற்றியுள்ள தசைகள் ஒரே நேரத்தில் இறுகி, மேல்கை எலும்பைப் பின்பக்கமாகத் தள்ளிவிடும். கீழே விழாமலே தோள் கழன்றிருக்கலாம், இரண்டு பக்கமும்கூடக் கழன்றிருக்கலாம். வலிப்பு நோய் இருப்பதைச் சொல்லக் கூச்சப்பட்டு மறைக்கிற குடும்பங்கள் உண்டு. அந்தக் கூச்சத்துக்குக் கொடுக்கும் விலை ஒரு தோளாகிவிடும்.

டொக்டருக்குத் தமிழ் வராவிட்டால், “அத்த உஸ்ஸன்ன பே” என்ற சிங்கள வாக்கியம் போதும். கையைத் தூக்க முடியவில்லை என்பது புரிந்துவிடும். அதோடு ஒரு விரலால் வலிக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள். உள்ளங்கையை வைத்துத் தோள் முழுவதையும் தடவிக் காட்டினால் இடம் தெரியாது. மேல்கையின் வெளிப்பக்கம், தோள் முனைக்குச் சற்றுக் கீழே ஒரே இடத்தில் விரல் போய் நின்றால் பெரும்புடைப்பை நினைக்க வேண்டும்.

தோட்டத்து மருந்து நிலையத்தில் இருப்பவர்களுக்கு மூன்று சோதனைகள். முதலாவது, முழங்கையை விலாவோடு ஒட்டி 90 பாகை மடக்கச் சொல்லி, முன்கையை மெதுவாக வெளியே திருப்பிப் பாருங்கள். கொஞ்சம்கூட வெளியே திரும்பாமல் பூட்டியது போல நின்றால், பின்பக்க விலகல் இல்லை என்று படம் காட்டும்வரை அது பின்பக்க விலகல்தான். இரண்டாவது, தோளின் வெளிப்பக்கம், தடுப்பூசி போடும் இடத்தில் தொடு உணர்ச்சி மற்றத் தோளைப் போலவே இருக்கிறதா என்று கேளுங்கள். அங்கே மரத்திருந்தால் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். மூன்றாவது, இரண்டு மூன்று நாள் கழித்துச் சட்டையைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள். கருநீலக் கன்றல் மேல்கை வழியே முழங்கை வரைக்கும், சில வேளை நெஞ்சுக்கும் இறங்கியிருந்தால், உள்ளே எலும்பிலிருந்து இரத்தம் கசிந்திருக்க வாய்ப்பு அதிகம். “சதையில் அடி” என்று எழுதப்பட்ட துண்டு கையில் இருந்தாலும் அந்தக் கன்றலை நம்புங்கள்.

எக்ஸ்ரே அறையில்: ஒரு படம் போதாது

ரொண்ட்ஜன் 1895இல் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது முதல் இன்றுவரை அதன் அடிப்படைக் குறை மாறவில்லை. பருமனுள்ள ஒன்றைத் தட்டையான நிழலாக்கிவிடுகிறது. ஒரே பக்கமிருந்து எடுத்த படம், எதிர் மலையில் நின்று ஒரு சரிவைப் பார்ப்பது மாதிரி. முன்னால் இருக்கும் மேடு பின்னால் இருக்கும் பள்ளத்தை மறைத்துவிடும். தோளில் இது மிகவும் கூடுதல். ஏனென்றால் தோள்பட்டை எலும்பு முதுகில் நேராகப் படிந்திருக்கவில்லை, சாய்வாக இருக்கிறது. உடம்பை நேராக நிறுத்தி எடுத்தால் உருண்டைத் தலையும் குழியும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்துவிடும்.

அதனால் அடிபட்ட தோளுக்குக் குறைந்தது மூன்று படங்கள் தேவை என்பதே என் உறுதியான கருத்து. நெரிசலான நாளில் ஒரே படத்தோடு அனுப்பப்பட்டால், “இன்னொரு பக்கமும் எடுக்க வேண்டுமா டொக்டர்?” என்று பணிவாகக் கேட்பதில் தப்பே இல்லை.

முதல் படம், மூட்டுக்கு நேரான முன்படம். இதைக் கிராஷி படம் என்பார்கள். நோயாளியை அடிபட்ட பக்கமாக 35 முதல் 45 பாகை வரை திருப்பி, தோள்பட்டை எலும்பு எக்ஸ்ரே தட்டோடு படியும்படி நிறுத்துவார்கள். சரியாக எடுத்தால் தலைக்கும் குழிக்கும் நடுவே ஒரு சுத்தமான இடைவெளி தெரியும். சரியாகத் திருப்பி எடுத்த படத்திலும் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று கிடந்தால் விலகலைச் சந்தேகிக்க வேண்டும். நிற்கவோ உட்காரவோ முடிந்தவரைப் படுக்க வைத்து எடுக்காமல் இருப்பது நல்லது. அதற்கான காரணத்தை அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

இரண்டாவது, கையை வெளிப்புறம் திருப்பி எடுக்கும் முன்படம். உள்ளங்கை முன்னால் பார்க்கும்படி கை திரும்பும்போதுதான் பெரும்புடைப்பு ஓரத்துக்கு வந்து தெளிவாக நிற்கும். தொங்கல் கட்டோடு, கை வயிற்றில் படிந்தபடி எடுத்தால் அந்தப் புடைப்பு தலையின் நிழலுக்குள் போய்விடும். ஒளிந்திருக்கும் விரிசல்கள் தவறிப்போக இந்த ஒரு விஷயம் பெரிய காரணம். வலியோடு இருப்பவரின் கையைப் பலவந்தமாகத் திருப்பக் கூடாது. வலி மருந்து கொடுத்து, அது வேலை செய்ய நேரம் விட்டு, அவராகவே முடிந்த அளவு திருப்பட்டும். பின்பக்க விலகல் சந்தேகம் இருந்தால் திருப்பவே வேண்டாம், அடுத்த படத்துக்குப் போய்விடலாம்.

மூன்றாவது, பக்கவாட்டிலிருந்து பார்ப்பது. இதற்கு இரண்டு வழி. தோள்பட்டை எலும்பைப் பக்கவாட்டில் எடுத்தால் அது ஆங்கில எழுத்து ‘வை’ போலத் தெரியும், அதனால் ‘வை படம்’ என்றே பெயர். மூன்று கால்களும் சேரும் நடுவில் உருண்டைத் தலை இருக்க வேண்டும். கையை அசைக்காமலே எடுக்கலாம் என்பது இதன் வசதி. இன்னொன்று அக்குள் படம். என்னைக் கேட்டால் இதுதான் மேலானது. கதிர் அக்குள் வழியாகப் போவதால் தலை குழிக்கு முன்னால் நிற்கிறதா, பின்னால் நிற்கிறதா என்பதில் சந்தேகமே வராது. குழியின் விளிம்பும் முன்முனை அலகும் இதில்தான் நன்றாகத் தெரியும். கையை முழுதாக விரிக்கத் தேவையில்லை, 20 அல்லது 30 பாகை விரிந்தாலே எடுத்துவிடலாம். அதுவும் முடியாதவருக்கு வெல்போ படம் இருக்கிறது. தொங்கல் கட்டைக் கழற்றாமல், மேசை ஓரத்தில் நின்று பின்பக்கமாகச் சாய்ந்தால், மேலிருந்து கீழாகக் கதிரைச் செலுத்தி எடுத்துவிடலாம். இதைச் செய்யச் சாதாரண எக்ஸ்ரே இயந்திரம் போதும். அதனால் “அக்குள் படம் எடுக்க முடியவில்லை” என்பதை முடிவான பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அறைக்குள் போகும்போது தாலிக்கொடி, சங்கிலி, ஊக்கு, உள்ளாடையின் கொக்கி, தோளில் கிடக்கும் சடை எல்லாம் படத்தில் விழாமல் ஒதுக்க வேண்டும். தடித்த பின்னல் தோளின் மேல் கிடந்தால் முறிவுக் கோடு மாதிரியே ஒரு நிழல் விழும். தாலியைக் கழற்ற மனமில்லாத பெண்கள் அதைப் பின்னால் தள்ளியோ மற்றப் பக்கம் இழுத்தோ விடலாம். கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால் சொல்லுங்கள். தோள் படத்தில் வயிற்றுக்குப் போகும் கதிர் மிக மிகக் குறைவு என்றாலும் சொல்லிவைப்பதே முறை.

கதிர்வீச்சுப் பயத்தால் இரண்டாவது படத்தை மறுக்கிறவர்கள் இருக்கிறார்கள். தோள் எக்ஸ்ரே ஒன்றின் அளவு ஏறக்குறைய 0.01 மில்லிசீவர்ட். நாம் சும்மா இருந்தாலே மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் வருடத்துக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் வாங்கிக்கொண்டிருக்கிறோம். அப்படியானால் ஒரு படம் என்பது ஒன்றிரண்டு நாள் இயற்கைக் கதிர்வீச்சுக்குச் சமம்.

படத்தில் கோடு இல்லை, ஆனால் சாடை இருக்கிறது

இந்தப் பகுதி முக்கியமாகப் படம் பார்ப்பவர்களுக்கு. வீட்டார் வாசித்தாலும் நல்லது, கேட்க வேண்டிய கேள்வி தெரிந்துவிடும்.

மூட்டுக்குள் எலும்பு உடைந்தால் இரத்தம் மட்டும் வருவதில்லை, எலும்பு மஜ்ஜையிலிருக்கும் கொழுப்பும் கசியும். கொழுப்பு மேலே மிதக்கும், இரத்தம் கீழே நிற்கும். நிமிர்ந்திருக்கும் நோயாளியைக் கிடையாகச் செல்லும் கதிரால் எடுத்தால், மூட்டின் மேல்பக்கத்தில் நேர்கோடாக ஒரு மட்டம் தெரியும். முறிவுக் கோடே தெரியாவிட்டாலும் அந்த மட்டம் இருந்தால் உள்ளே முறிவு இருக்கிறது. படுக்க வைத்து மேலிருந்து எடுத்த படத்தில் இந்தச் சாடை கிடைக்காது. முன்பு நிற்க வைத்து எடுக்கச் சொன்னது இதற்காகத்தான்.

மூட்டுக்குள் இரத்தம் நிறைந்தால் உருண்டைத் தலை குழியிலிருந்து சற்றுக் கீழே இறங்கி நிற்கும். இதை விலகல் என்று நினைத்து இழுத்துவிடக் கூடாது. இரத்தம் வற்றித் தசை இறுகியதும் தானாகவே மேலே வந்துவிடும். ஆனால் அப்படி இறங்கி நிற்பது, எங்கேயோ ஒரு முறிவு இருக்கிறது, தேடிப்பார் என்று சொல்லும் குறி.

பின்பக்க விலகலில் மேல்கை எலும்பு உட்பக்கமாகத் திரும்பிப் பூட்டிக்கொள்வதால், தலை மின்குமிழ் போல வட்டமாகத் தெரியும். குழியின் முன்விளிம்புக்கும் தலைக்கும் இடையே 6 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி விழலாம். தலையின் உட்பக்கத்தில் வளைந்த இரட்டைக் கோடு ஒன்று தெரிந்தால் அது நசுங்கிய எலும்பின் ஓரம். இவற்றில் ஒன்று இருந்தாலும் அக்குள் படமோ வெல்போ படமோ எடுக்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

படம் பார்க்கும்போது எலும்பின் வெளிக்கோட்டை ஓரிடத்திலும் தாண்டாமல் முழுவதும் சுற்றிவர வேண்டும். பெரும்புடைப்பில் ஒரு சிறு படி, ஒரு மெல்லிய செதில், கோட்டில் ஒரு சின்ன இடைவெளி போதும். அப்புறம் விலா எலும்புகளையும், படத்தில் விழுந்திருக்கும் நுரையீரல் மூலையையும் ஒரு தரம் பாருங்கள்.

முறிவு போலத் தோன்றி ஏமாற்றுபவையும் உண்டு. பிள்ளைகளுக்கு மேல்கை எலும்பின் தலைக்குக் கீழே வளர்ச்சித் தட்டு ஒரு கறுப்புக் கோடாகத் தெரியும், பதின்ம வயது முடியும்போதுதான் மூடும். சந்தேகம் வந்தால் மற்றத் தோளையும் எடுத்து ஒப்பிடலாம். நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்குத் தோளின் கூரை எலும்பு வளரும்போது முழுதாக ஒட்டாமல் தனித்துண்டாகவே நின்றுவிடும். அதன் ஓரம் வழவழப்பாக இருக்கும், புதிய முறிவின் ஓரம் கூராக இருக்கும். தசைநாரில் படியும் சுண்ணாம்புக் கட்டியும் உடைந்த சில்லு மாதிரித் தெரியும்.

படங்கள் சுத்தமாக இருக்கின்றன, வலி போகவில்லை

இந்த இடத்தில்தான் ஆட்கள் தொலைந்து போகிறார்கள். வீட்டுக்குப் போனவர் நாலு நாளில் மலைக்குத் திரும்புகிறார், பேர் விழாவிட்டால், அதாவது அன்றைய நாள் சம்பளம் பதியாவிட்டால், அடுப்பு எரியாது என்பதால். கொழுந்து பறிக்க இரண்டு கையும் முன்னால் நீள வேண்டும். கவ்வாத்துக் கத்தி வீசுகிறவருக்கோ முழு வேகமும் தோளிலிருந்துதான் வருகிறது. விலகாமல் இருந்த விரிசல் இப்படித்தான் விலகுகிறது.

அதனால் படம் சுத்தமாக இருந்தும் பெரும்புடைப்பில் விரலால் அழுத்தினால் வலிக்கிறது, கை தோள் மட்டத்துக்கு எழவில்லை என்றால், முறிவு இருப்பதாகவே வைத்துக்கொண்டு தொங்கல் கட்டில் விட வேண்டும். 10 முதல் 14 நாட்களுக்குள் மறுபடியும் அதே மூன்று படங்களை எடுக்க வேண்டும். முறிந்த ஓரங்களில் எலும்பு சிறிது கரைவதால் முதல் நாள் மறைந்திருந்த கோடு இப்போது கறுப்பாகத் தெரியும், அல்லது புது எலும்பு வெண்மையாகப் படியத் தொடங்கியிருக்கும். காத்திருப்பதைத் தவிர இதில் செலவு எதுவும் இல்லை. தூரத்துத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு இதுதான் மிகவும் கைகொடுக்கும் வழி. திகதியைத் துண்டில் எழுதி வாங்குங்கள். பழைய படத்தையும் கொண்டுபோங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் மாற்றம் தெரியும்.

எந்த ஸ்கேன், யாருக்கு

எல்லோருக்கும் ஸ்கேன் வேண்டாம். சிகிச்சையை மாற்றப்போகும் கேள்வி ஒன்று இருந்தால் மட்டும் போதும்.

பெரும்புடைப்பு விரிசலா, தசைநார்க் கிழிவா என்பதுதான் கேள்வி என்றால் அல்ட்ராசவுண்டில் தொடங்கலாம். வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளையைப் பார்க்கும் அதே வகை இயந்திரம்தான், தோலுக்குக் கீழே மேலோட்டமாக இருப்பதைப் பார்க்க ஏற்ற முனை இருந்தால் போதும். எலும்பின் மேல்தோட்டில் ஒரு வெட்டோ படியோ இருந்தால் தெளிவாகத் தெரியும், தசைநாரும் கூடவே தெரியும், கதிர்வீச்சு இல்லை. ஆனால் பார்ப்பவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்தது, எலும்பின் உட்பக்கத்தையும் குழியின் ஆழத்தையும் காட்டாது. தசைநாரைப் பார்க்க எழுதிக் கொடுக்கப்பட்டாலும், “விழுந்ததிலிருந்துதான் வலி, எலும்பின் ஓரத்தையும் பாருங்கள்” என்று சொல்லிவிடுங்கள்.

முறிவு இருப்பது தெரிந்து, எவ்வளவு விலகியிருக்கிறது, எத்தனை துண்டு, குழியின் விளிம்பில் எவ்வளவு போயிருக்கிறது என்பது கேள்வியானால் சி.டி. ஸ்கேன். சில நிமிடங்களில் முடிந்துவிடும், முப்பரிமாணமாகச் சுற்றிப் பார்க்கலாம். பின்பக்க விலகல், திரும்பத் திரும்பக் கழலும் தோள், அறுவைக்குப் போகும் முறிவு ஆகியவற்றுக்கு இதுதான். கதிர்வீச்சு எக்ஸ்ரேயைவிடப் பல மடங்கு, ஏறக்குறைய ஒரு வருட இயற்கைக் கதிர்வீச்சை நெருங்கும். தேவை இருந்தால் தயங்க வேண்டாம், தேவை இல்லாமல் ‘எதற்கும் பார்த்துவிடலாம்’ என்று எடுக்கவும் வேண்டாம். இன்னொன்று: துளியும் விலகாத மெல்லிய விரிசல் சி.டி.யிலும் தப்பிவிடலாம்.

எதிலும் தெரியாத விரிசலுக்குக் கடைசி வார்த்தை எம்.ஆர்.ஐ. எலும்புக்குள் அடிபட்ட மஜ்ஜையில் ஊறும் நீரை அது காட்டுகிறது. கொழுப்பின் வெளிச்சத்தை அடக்கி எடுக்கும் படத்தில் அடிபட்ட இடம் வெள்ளையாக ஒளிரும், அதன் நடுவே முறிவுக் கோடு தெரியும். கோடு இல்லாமல் வெறும் ஒளிர்வு மட்டும் இருந்தால் அது எலும்புக் கன்றல், ஓய்விலேயே ஆறும். தசைநார் கிழிவும் இதிலேயே தெரிந்துவிடும். முறிவைத் தேட மருந்து ஏற்றத் தேவையில்லை. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர், கண்ணில் இரும்புத் தூள் தெறித்தவர், காதுக்குள் கருவி பொருத்தியவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். 20 முதல் 40 நிமிடம் வரை அசையாமல் சத்தத்தில் படுத்திருக்க வேண்டும் என்பதையும் வயதானவர்களுக்கு முதலிலேயே சொல்லிவையுங்கள்.

மலையகத்தில் எம்.ஆர்.ஐ. என்றால் கண்டி தேசிய வைத்தியசாலை போன்ற பெரிய இடத்துக்குப் போக வேண்டும், முறைக்காகக் காத்திருக்கவும் வேண்டும். டிக்கோயா, நுவரெலியா, நாவலப்பிட்டி, பதுளை என்று உங்களுக்கு அருகிலுள்ள பெரிய வைத்தியசாலையின் எலும்பு கிளினிக் வழியாகப் போவதே முறையான பாதை. நேரடியாகத் தனியாரிடம் பணம் கட்டும் முன், இரண்டாவது எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாயிற்றா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். அந்த இரண்டாவது படமே பலருக்குப் பதிலைச் சொல்லிவிடும்.

கண்டுபிடித்த பிறகு

விலகாத பெரும்புடைப்பு முறிவுக்கு அறுவை தேவையில்லை. சில வாரம் தொங்கல் கட்டு, வைத்தியர் சொன்ன நாளிலிருந்து முன்னால் குனிந்து கையைத் தளரத் தொங்கவிட்டு மெதுவாக ஆட்டும் பயிற்சி, அப்புறம் இயன்மருத்துவரின் வழிகாட்டலில் படிப்படியாகத் தூக்குவது. கட்டை அவசரமாகக் கழற்றுவது ஒரு பக்கத் தவறு, பயத்தில் மாதக்கணக்கில் அசைக்காமல் வைத்திருப்பது மறு பக்கத் தவறு. அசைக்காத தோள் இறுகிப்போய், முறிவு ஆறியும் கை ஏறாது. துண்டு 5 மில்லிமீட்டருக்கு மேல் விலகியிருந்தால் அறுவை பற்றி எலும்பு நிபுணர் பேசுவார். கையைத் தலைக்கு மேல் தூக்கி உழைப்பவருக்கு அதைவிடக் குறைந்த விலகலுக்கும் யோசிப்பார்கள். அதனால் உங்கள் தொழில் என்ன என்பதைச் சொல்வது அவசியம். முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் துண்டு நகர்ந்துவிடலாம் என்பதால் இடையில் சொல்லும் எக்ஸ்ரேக்களைத் தவறவிடாதீர்கள்.

வேலை நேரத்தில் விழுந்திருந்தால், அன்றைக்கே தோட்டத்துப் புத்தகத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேலையில் ஏற்படும் காயத்துக்கு நட்டஈடு கேட்க வழி தருகிறது. முதல் படம் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லி, இரண்டாவது படத்தில் முறிவு தெரிந்தால், இரண்டுக்குமிடையே வேறெங்கோ விழுந்தீர்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அதற்கு விழுந்த திகதி எழுதிய துண்டு, இரண்டு படங்கள், டயக்னோசிஸ் காட் (வைத்தியசாலை தரும் நோய் விபர அட்டை) எல்லாவற்றையும் மழை படாமல் ஒரே உறையில் வைத்திருங்கள். இலகு வேலைக்கான கடிதத்தையும் கிளினிக்கில் கேட்டு வாங்கலாம்.

நின்ற நிலையிலிருந்து சும்மா விழுந்ததற்கே மேல்கை எலும்பு உடைந்தவர் 50 வயதைத் தாண்டியவராக இருந்தால், ஆஸ்டியோபொரோசிஸ் எனப்படும் எலும்பு வலுவிழப்பைப் பற்றிக் கிளினிக்கில் கேளுங்கள். மாதவிடாய் நின்ற பெண்கள், மூச்சு வருத்தத்துக்கும் மூட்டு வருத்தத்துக்கும் நீண்ட காலம் ஸ்டிரொய்ட் மாத்திரை எடுத்தவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். இதற்கு மருந்து இருக்கிறது, எலும்பின் அடர்த்தியை அளக்கும் பரிசோதனையும் இருக்கிறது. விழாமலே தோள் எலும்பு உடைந்தாலோ, முன்பு மார்பகப் புற்றுநோய் போன்ற ஒன்றுக்குச் சிகிச்சை பெற்றிருந்தாலோ, அதை எக்ஸ்ரேக்கு எழுதும்போதே வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள். அவர் அந்தப் படத்தில் வேறு விஷயங்களையும் சேர்த்துத் தேடுவார்.